ஐந்து மணிக்கு மேல் மீன் இல்லை

மன்சானியோவுக்கு வேலை மாற்றலாகி வருகிற நம்மவர்கள் முதலில் விசாரிப்பது தண்ணீரையும் காரத்தையும்தான். மெக்சிகோவின் மிகப் பெரிய கொள்கலன் துறைமுகம் இது. கொலீமா மாநிலத்தில், பசிபிக் கரையில் இருக்கிறது. குழாய்த் தண்ணீரை ஊர்க்காரர்களே குடிப்பதில்லை. ‘கர்ரஃபோன்’ என்கிற இருபது லிட்டர் கேன் வாசலுக்கே வந்துவிடும். பனிக்கட்டி நடுவில் ஓட்டை விழுந்த உருளையாக இருந்தால் ஆலையில் செய்தது, பயமில்லை. காரத்தைப் பொறுத்தவரை, ஹபனேரோ மிளகாயிடம் மட்டும் கொஞ்சம் மரியாதையாக இருந்தால் போதும். பழகச் சிரமமாக இருப்பது சாப்பாட்டு நேரம்.

இங்கே ஒவ்வொரு பண்டத்துக்கும் ஒரு வேளை உண்டு. கடலுணவு பகலுக்குரியது. மீன் கடைகள் முற்பகலில் திறந்து, மாலை ஐந்துக்கெல்லாம் நாற்காலிகளைக் கவிழ்த்துவிடும். காரணம் செவிச்சே. கொலீமாவில் அதற்குச் சியர்ரா மீன் எடுப்பார்கள். நம் வஞ்சிரத்தின் நெருங்கிய உறவு. மீனைக் கொத்தி எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்து, துருவிய கேரட், வெங்காயம், தக்காளி, கொத்தமல்லி எல்லாம் சேர்த்து, தொஸ்தாதா என்கிற மொறுமொறு மக்காச்சோள ரொட்டி மேல் குவித்துத் தருவார்கள். அடுப்பே கிடையாது. எலுமிச்சை பக்கத்துத் தெகொமானில் விளைவது. மெல்லிய தோல், உள்ளே விதை, சுள்ளென்ற புளிப்பு: நாம் ஊறுகாய் போடும் அதே இனம்தான், ஆசியாவிலிருந்து ஸ்பானியர் வழியாக வந்து சேர்ந்தது. உப்பு குயுத்லான் உப்பளத்திலிருந்து வருகிறது. புளிப்பு பட்டதும் மீன் வெளுத்து இறுகி, வெந்தது போலவே தெரியும். ஆனால் நெருப்பு கொல்லும் கிருமிகள் எல்லாவற்றையும் எலுமிச்சை கொல்லாது. விடியலில் கரையேறிய மீனை மதியத்துக்குள் தின்றுவிட வேண்டும் என்கிற கட்டுப்பாடு குளிர்சாதனப் பெட்டி வந்த பிறகும் தளரவில்லை. எனக்கு அதில் முழு உடன்பாடு.

பெரிய சாப்பாடு இரண்டு மணிக்கு மேல்தான். பன்னிரண்டரைக்குப் பசிக்கிற வயிறு என்னுடையது. அலுவலகத்தில் அந்நேரம் யாரும் அசைய மாட்டார்கள், பத்து மணிக்கு ஒரு கடி கடித்திருப்பார்கள். தெருமுனைச் சாப்பாட்டுக் கடையில் சூப், சோறு, ஒரு குழம்பு வகை, பீன்ஸ், துணியில் சுற்றிய தொர்த்தியா என்கிற மக்காச்சோள ரொட்டி என்று வரிசையாக வரும். சைவர்கள் கவனிக்க: மசித்த பீன்ஸில் பெரும்பாலும் பன்றிக் கொழுப்பு இருக்கும். ‘இறைச்சி வேண்டாம்’ என்று சொன்னால் கோழி வரவும் வாய்ப்புண்டு.

கூடவே ஒரு குவளை ‘அகுவா ஃப்ரெஸ்கா’. புளியைக் கரைத்துச் சர்க்கரை போட்டது ஒன்று. புளிச்சைக் கீரை இனச் செடியின் சிவந்த புல்லிகளை ஊறவைத்த ஹமைக்கா இன்னொன்று. சர்க்கரை பானங்களுக்கு 2014இல் லிட்டருக்கு ஒரு பெசோ வரி போட்டும் கோலா பாட்டில்கள் மேசையை விட்டு இறங்கவில்லை.

வெயில் நேரத்துக்கு என் ஓட்டு தூபாவுக்கு. தென்னம்பாளையைச் சீவி இறக்குகிற சாறு. பெரிய சுரைக்குடுவைகளைச் சுமந்துகொண்டு தெருவில் விற்பார்கள். மேலே வேர்க்கடலையைத் தூவித் தருவார்கள். காலையில் இனிப்பு, நேரம் ஏற ஏறப் புளிப்பு, மறுநாள் கிட்டத்தட்ட வினிகர். 1565 முதல் 1815 வரை மணிலாவுக்கும் அக்கபுல்கோவுக்கும் ஓடிய கப்பல்களில் வந்த பிலிப்பைன்ஸ்காரர்கள் கற்றுக்கொடுத்த தொழில் இது. அவர்கள் தென்னங்கள்ளைக் காய்ச்சி வடித்த சாராயம் ஸ்பெயினிலிருந்து வரும் திராட்சை மதுவின் வியாபாரத்தைக் கெடுக்கிறது என்று 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதிகாரிகள் தென்னந்தோப்புகள்மீதே பாய்ந்தார்கள். அந்தச் சாராயம் காலப்போக்கில் மறைந்தது, தூபா பிழைத்துக்கொண்டது. வடிக்கும் வித்தை கற்றாழைக்கு மாறித்தான் மெஸ்கால் பிறந்தது என்று சொல்கிற ஆய்வாளர்களும் உண்டு. கள்ளுக்குத் தடை உள்ள தமிழ்நாட்டிலிருந்து வந்தவன் நட்டநடுத் தெருவில், பள்ளிப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் நின்று இதைக் குடிக்கும்போது, சும்மா ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்வான்.

இருட்டியதும் ‘செனதூரியா’ என்கிற இரவுக் கடைகள் திறக்கும். பொரித்த குட்டித் தொர்த்தியாமேல் கொத்துக்கறி வைத்துச் சாறு ஊற்றிய சொப்பித்தோஸ், பொசோலே என்கிற பன்றிக்கறிச் சூப், அவ்வளவுதான். மீன் கேட்டால் சிரிப்பார்கள். கடற்கரை ஓட்டல் பக்கம் போனால் ஒன்பது மணிக்கும் செவிச்சே கிடைக்கும், விலை டாலரில். அந்த மீன் எப்போது கரையேறியது என்று வெள்ளைச்சட்டைப் பரிமாறுபவரிடம் கேட்டேன். இறால் வறுவல் நன்றாயிருக்கும் என்றார்.