நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ்... அப்புறம்?

போஸ்ட்கிரஸ் இன்ஸ்டால் பண்றப்போ 'டேட்டா டைரக்டரி எங்கே?'ன்னு ஒரு ஸ்கிரீன் வரும். யார் படிக்கிறோம்? நெக்ஸ்ட் தட்டிட்டுப் போயிடுவோம். விண்டோஸில் அது சி டிரைவில், புரோகிராம் ஃபைல்ஸுக்குள்ளேயே போய் உட்காரும். மூணாவது வருஷம் என் லேப்டாப் படுத்துச்சு. சி டிரைவை ஃபார்மேட் பண்ணினேன். மினி புராஜெக்ட் டேட்டா மொத்தமும் போச்சு. டி டிரைவில் இருந்த படங்கள் மட்டும் பத்திரம்!

நான் சொல்றது இதுதான்: சாஃப்ட்வேரைத் திரும்ப டவுன்லோட் பண்ணிக்கலாம், டேட்டாவை முடியாது. ரெண்டையும் ஒரே இடத்தில் வைக்காதீங்க.

ஃபோல்டர் பெயரும் முக்கியம். போஸ்ட்கிரஸில் மாற்றங்களைப் பதிவு செய்யும் ஃபோல்டருக்கு முன்பு 'பிஜி_எக்ஸ்லாக்' என்று பெயர். 'வெறும் லாக்தானே' என்று அதை அழித்து, டேட்டாபேஸையே கெடுத்துக்கொண்டவர்கள் உண்டு. 2017-ல் வந்த 10-ஆம் பதிப்பில் பெயரை 'பிஜி_வால்' என்று மாற்றிவிட்டார்கள்.

ஃபைனல் இயர் புராஜெக்ட் தொடங்குறீங்களா? டேட்டாவை டி டிரைவில் வைங்க. ஆனா சி, டி ரெண்டும் பெரும்பாலும் ஒரே டிஸ்க்தான். அது செத்தா ரெண்டும் போகும். அதனால் பிஜி_டம்ப் எடுத்து வெளியே ஒரு காப்பி வைங்க. சர்வர் ஓடும்போது டேட்டா ஃபோல்டரை காப்பி-பேஸ்ட் பண்றது பேக்கப் ஆகாது.

அந்த ஒரு ஸ்கிரீன்ல மட்டும் கொஞ்சம் நில்லுங்க.