ஒரு லிட்டரில் ஒரு டன் எருவா?

"ஒரு லிட்டர் ஹியூமிக், ஒரு டன் சாணி எருவுக்குச் சமம்." பாலக்காட்டின் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் விவசாயிகள் கூட்டம் எங்கே நடந்தாலும் உரக்கம்பெனி ஆள் ஒருவர் எழுந்து இதைச் சொல்லாமல் உட்காருவதில்லை. வருஷக்கணக்காகக் கேட்டுக் கேட்டு எரிச்சல்தான் மிச்சம். இதை நம்பி எருக்குழியைத் தூர்த்துவிட்டவர்கள் எருத்தேம்பதியிலும் உண்டு, வடகரப்பதியிலும் உண்டு.

கணக்குப் போட்டே பார்ப்போம். 12 சதவீதம் என்று லேபிள் ஒட்டிய ஒரு லிட்டர் கேனில் ஹியூமிக் அமிலம் சுமார் 120 கிராம். அதில் கரிமம் பாதிக்குச் சற்று மேல். 65 கிராம் என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளலாம். நகரக் குப்பையில் செய்த உரத்துக்கே 12 சதவீதக் கரிமமாவது இருக்கவேண்டும் என்கிறது உரக் கட்டுப்பாட்டு ஆணை. அந்த அளவில் பார்த்தால்கூட ஒரு டன்னில் 120 கிலோ. 65 கிராம் எங்கே, 120 கிலோ எங்கே! ஒரு டன் தொழுஉரத்தில் ஏறக்குறைய 5 கிலோ தழைச்சத்தும் 2 கிலோ மணிச்சத்தும் 5 கிலோ சாம்பல்சத்தும் சேர்ந்தே வருகின்றன. கேனில் கொஞ்சம் பொட்டாஷைத் தவிர வேறென்ன வருகிறது? ஒரு ஏக்கரின் மேல் அரையடி மண் மட்டுமே சுமார் 9 லட்சம் கிலோ எடை. அதில் கரிமம் 0.1 சதவீதம் ஏறவேண்டுமானால் 900 கிலோ கரிமம் மண்ணில் தங்கவேண்டும். கேன் கணக்கில் அது 13,000 லிட்டருக்கு மேல். ஏக்கருக்கு ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் விட்டுவிட்டு "மண்ணில் கரிமம் ஏறிவிட்டது" என்பவர், கிருஷி பவன் மூலம் மண்ணைப் பரிசோதித்து அந்தச் சீட்டைக் காட்டட்டும்.

வேர் நன்றாக ஓடும் என்கிறார்கள். தொட்டிச்செடியில் ஓடியிருக்கிறது, அதனால் அது எரு ஆகிவிடாது.

"ஹியூமஸ் மண்ணில் நூறு வருஷம் நிற்கும்" என்பது அடுத்த பேச்சு. மக்கின் சாரம் என்று இவர்கள் சொல்லும் அந்த ஹியூமஸ், மண்ணில் அப்படியே கிடப்பதல்ல, காரத்தில் பிரித்தெடுப்பது. 1786இல் ஜெர்மனியின் ஃபிரான்ஸ் கார்ல் அகார்ட் சதுப்புநில மக்கைக் காரத்தில் ஊறவைத்துக் கறுப்புச் சாறு இறக்கினார். இன்றும் வழி அதுதான். நெய்வேலியில் தோண்டுகிறார்களே, அதுபோன்ற பழுப்பு நிலக்கரியைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் கரைக்கிறார்கள். அந்தக் காரத்தின் பி.எச். 13. எந்தத் தோட்டத்து மண்ணும் அப்படி இருக்காது. 2015இல் 'நேச்சர்' இதழில் யோகன்னஸ் லேமனும் மார்கஸ் கிளேபரும் இதைத்தான் எடுத்துச் சொன்னார்கள்: மண்ணில் இருப்பவை நுண்ணுயிர்கள் தின்று தின்று சிறிதாக்கும் துணுக்குகள், களிமண்ணில் ஒட்டி அவற்றின் வாய்க்கு எட்டாமல் போனதுதான் நெடுநாள் நிற்கிறது. நிற்க வைப்பது மண். கேனுக்கு அந்தச் சக்தி கிடையாது.

மண் கறுத்தால் வளம் என்கிறார்கள். நம் கிழக்குப் பஞ்சாயத்துகளின் கரிசலைப் பார்த்தவர் அப்படிச் சொல்லமாட்டார். கரிசலில் கரிமம் பொதுவாக ஒரு சதவீதத்தைத் தொடுவதே அபூர்வம்.

நம் தண்ணீரைப் பற்றி இவர்கள் வாயே திறப்பதில்லை. சுண்ணாம்பு ஏறிய போர்த் தண்ணீரை டிரம்மில் பிடித்து ஹியூமிக்கை ஊற்றிக் கலக்கிவிட்டு, சற்று நேரம் கழித்துப் பாருங்கள். மேலே தேயிலைத் தண்ணீர் நிறம். கைவிட்டுத் துழாவினால் அடியில் கறுப்பாகத் திரிதிரியாக வழுவழுப்பு. சுண்ணாம்புச் சத்து ஹியூமிக்கைப் பிடித்து இறக்கிவிட்டது. கால்சியம் நைட்ரேட்டையும் அதே டிரம்மில் போட்டால் கேட்கவே வேண்டாம். அமில உரம் சேர்த்தாலும் திரியும். ஹியூமிக் அமிலம் காரத்தில் கரைந்து நிற்கும், அமிலத்தில் இறங்கிவிடும். சொட்டுநீர் ஃபில்டரைக் கழற்றிக் கழுவுகிறவர்களுக்கு இந்தக் கறுப்பு நன்றாகத் தெரியும். காசு கொடுத்து வாங்கியது வேருக்குப் போகாமல் வலையில் நிற்கிறது.

"சாணிக்கு எங்கே போவது?" என்று கடைசியாக மடக்குவார்கள். மாடு குறைந்தது உண்மைதான். ஆனால் தென்னந்தோப்பு நிறைந்த ஊரில் ஓலையையும் உரிமட்டையையும் வரப்போரம் குவித்துக் கொளுத்துவது யார்? நார்க்கழிவை மக்கவைக்கும் முறையைக் கோவை வேளாண் பல்கலைக்கழகம் சொல்லிக்கொடுத்து எத்தனையோ காலமாயிற்று. கோடையில் ஆட்டுப்பட்டி போடலாம். ஒரு மழை பெய்ததும் சணப்பையோ கொளுஞ்சியோ விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழலாம். இதில் எதையும் கேனில் அடைத்து விற்க முடியாது. அதனால்தான் அந்த மேடையில் யாரும் இதைப் பேசுவதில்லை.