சமதர்மமும் அடுக்களையும்

கயத்தாறு என்னும் பெயரைக் கேட்ட மாத்திரத்தில், 1799-ஆம் ஆண்டு அங்குத் தூக்கிலிடப்பெற்ற கட்டபொம்மனே நம் நினைவில் எழுகின்றான். அது தகுதியே. ஆயின், அவ்வூர் தொடங்கிக் கோவிற்பட்டி வரை பரந்துகிடக்கும் கரிசற் சீமையைத் தாங்கி நின்றோர் யாவர்? வானம் பொய்த்துப் பருத்தியும் கம்பும் கைவிட்ட ஆண்டுகளில், தீப்பெட்டித் தொழிற்சாலைகளிற் புகுந்து, குச்சி அடுக்கியும் பெட்டி ஒட்டியும் குடும்பங்களைக் காத்த மாதரே அன்றோ!

இச்சீமை பொதுவுடைமை இயக்கத்திற்கும் நெடுநாள் நிலைக்களமாய் விளங்கியது. இந்தியக் கம்யூனிஸ்டுக் கட்சியின் சோ. அழகர்சாமி அவர்கள் 1967 முதற்கொண்டு பலமுறை கோவிற்பட்டித் தொகுதியில் வென்றார்கள். 1996, 2001 தேர்தல்களிலும் அக்கட்சியே அங்கு வென்றது. ஆதலின், அவ்வியக்கம் மாதர்க்கு விடுதலை அளித்ததா என்னும் வினா நமக்கு வெறும் ஏட்டு வினா அன்று.

தனியுடைமை தோன்றியதோடு பெண்ணடிமையும் வேரூன்றியது என்பது 1884-இல் ஏங்கல்ஸ் எழுதிய நூலின் கருத்து. எனவே, உடைமை பொதுவாயின் பெண்ணும் உரிமை பெறுவாள் என்று அவர் வழி வந்தோர் நம்பினர். நம்பிக்கை வீண்போகவில்லை என்பதற்குச் சான்றுகள் உள. ருஷிய நாட்டில் 1917-ஆம் ஆண்டுப் புரட்சி, மாதர் தினத்தன்று பெட்ரோகிராடு நகரத்து நெசவாலைப் பெண்கள் செய்த வேலைநிறுத்தத்தினின்று எழுந்தது. அடுத்த ஆண்டே மணத்திலும் மணவிலக்கிலும் ஆணும் பெண்ணும் நிகர் என்று சட்டம் பிறந்தது. நம் நாட்டிலோ, நாடக மேடையினின்று அரசியலுக்கு வந்து, தம் அணிகலன்களையும் இயக்கத்திற்கு ஈந்த மதுரை கே. பி. ஜானகி அம்மாளை அறியாதார் யார்? 1992-இல் வாச்சாத்தி மலைமக்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமையை நீதிமன்றம் ஏற்றி, பத்தொன்பது ஆண்டுகள் அயராது போராடி, 2011-இல் 215 அரசு ஊழியர்க்குத் தண்டனை கிடைக்கச் செய்ததிலும் அவ்வியக்கத்தார் பங்கு பெரிது. இவற்றை மறைத்துப் பேசுதல் அறமன்று.

ஆயினும் நாணயத்திற்கு மறுபுறமும் உண்டு. 1919-இல் ருஷியக் கட்சி அமைத்த மாதர் பகுதி, பெண்களின் சிக்கல் தீர்ந்துவிட்டது என்று கூறி 1930-இல் மூடப்பட்டது. ஆறே ஆண்டுகளில் மணவிலக்குச் சட்டம் மீண்டும் கடுமையாயிற்று. அப்போது பெண்கள் சார்பிற் பேசத் தனி அமைப்பு ஒன்று இல்லை. கேரளத்தில் 1957-ஆம் ஆண்டு அமைச்சரவையில் நிலச்சீர்திருத்தச் சட்டத்தை முன்னின்று நடத்திய கௌரி அம்மாள், 1987-இல் முதலமைச்சர் ஆவார் என்று பலர் எதிர்பார்த்தும் ஆகவில்லை. மார்க்சிஸ்டுக் கட்சி 1964-இல் தோன்றியது. அதன் அரசியற்குழுவில் முதற் பெண்மணியாகப் பிருந்தா காரத் அமர்ந்தது 2005-இல்! கோவிற்பட்டியில் அவ்வியக்கத்தின் சார்பில் வென்ற சட்டமன்ற உறுப்பினர் யாவரும் ஆடவரே.

“முதலில் வயிற்றுக்கு வழி, பின்னர் அன்றோ பெண்ணுரிமை?” என்பார் உளர். அவர்க்கு நாம் கூறுவது இது: தீப்பெட்டித் தொழிலில் எண்ணிக்கைக்கே கூலி. நீர் சுமந்தும் உலை வைத்தும் பிள்ளை பேணியும் ஒரு பெண் இழக்கும் ஒவ்வொரு நாழிகையும் அவள் கூலியிற் குறைகின்றது. ஆகவே அடுக்களை வேறு, ஆலை வேறு அன்று. கூலியை உயர்த்தக் கொடி பிடித்த சங்கம், அக்கூலி வீட்டில் எவர் கைக்குச் செல்கின்றது என்று வினவியதுண்டா? அவள் உலை வைக்கும் அந்திப் பொழுதிற் கூட்டம் கூட்டிவிட்டு, “மாதர் வருவதில்லை” என்று வருந்துவதில் என்ன பயன்? திருமறையில் மரியாள் அமர்ந்து கேட்டாள்; மார்த்தாள் பணிவிடையில் வருந்தினாள். நம் சீமையிலோ மரியாளின் இடத்தில் ஆடவர் அமர்ந்துவிட்டனர். மார்த்தாளின் பாடு மட்டுமே பெண்டிர்க்கு எஞ்சியது.

ஆதலின் எமது துணிபு இதுவே: பொதுவுடைமை பெண்ணுக்குத் தொழிலாளி என்னும் பெயரைத் தந்தது, அது பெரும் பேறு. ஆயினும், தானே கேட்டுப் பெறாத உரிமை அவள் கையில் நிலைப்பதில்லை. ஜானகி அம்மாளும் பாப்பா உமாநாத்தும் கட்சியிலிருந்துகொண்டே 1970-களில் மாதர்க்கெனத் தனிச் சங்கம் கண்டது இதனை உணர்ந்தே போலும். 1981-இல் சென்னையில் அகில இந்திய ஜனநாயக மாதர் சங்கமும் தோன்றியது.

மாணவ நண்பர்காள்! சமதர்மம் பேசுதல் எளிது. விவாத மேடையிற் கைதட்டலும் கிடைக்கும். விடுமுறையில் ஊர் சென்றதும், உண்ட கலத்தைத் தாயும் தங்கையும் கழுவ விட்டு எழுந்து, திண்ணையில் அமர்ந்து புரட்சி பேசுவோமாயின் அது ஏட்டுச் சுரைக்காயே. மாணவியரே! நாளை நீவிர் எச்சங்கத்திற் சேரினும், பாய் விரிக்கவும் பாட்டுப் பாடவும் மட்டும் அழைக்கப்படின் உடன்படாதீர். கணக்கேட்டையும் தலைமை நாற்காலியையும் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. கொடுப்பது எவருடைய தயவும் அன்று.