புழக்கடைக்கு வரும் வர்ணப் பட்சிகள்

வீட்டுத் தோட்டத்துக்கு வர்ணப் பட்சிகளை வரவழைக்க வேண்டும் என்னும் ஆசை நகரவாசிகளிடையே பெருகி வருவது எனக்கு மெத்த சந்தோஷம். ஆனால், கடையில் வாங்கிய தானியக் கூடையை மாடியில் தொங்கவிட்டு, கம்பும் தினையும் நிரப்பி, தேன்சிட்டும் மாங்குயிலும் வந்து இறங்குமென்று காத்திருந்து, கடைசியில் புறாக்களை மட்டுமே கண்டு சலித்துப்போகும் அன்பர்கள், தேன்சிட்டுக்கு ஆகாரம் பூந்தேனும் சிலந்தி முதலிய சிறு ஜந்துக்களும் என்பதையும், மாங்குயில் பழத்தையும் புழுவையும் நாடுவது என்பதையும் ஏனோ யோசிப்பதில்லை.

எங்கள் கிணற்றடிச் செம்பருத்திக்கு ஓர் ஊதாத் தேன்சிட்டு தினந்தோறும் வெயில் ஏறும் சமயத்தில் வருகிறது. இலை நிழலில் இருக்கும் மட்டும் வெறும் கறுப்பாகத் தோன்றும் அந்த ஆண் பட்சி, ஒரு முறை வெயிலில் திரும்பிவிட்டால், கழுத்தெல்லாம் நீலமும் ஊதாவுமாகப் பிரகாசிப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அது சாயத்தின் வர்ணமன்று, இறகின் நுட்பமான அமைப்பில் ஒளி பட்டுச் சிதறுவதால் பிறக்கும் வர்ணம். பூவின் வாய் வழியே தேனை எட்டுவதற்குப் பதிலாக, காம்பருகே அலகால் துளையிட்டு உறிஞ்சிவிட்டுப் போகும் அதன் சாமர்த்தியத்தை எந்தத் தானியக் கூடையும் நமக்குக் காட்டப் போவதில்லை.

முருங்கையின் பட்டுப்போன கிளையை உடனே வெட்டிவிடும் வழக்கத்தையும் நான் ஆட்சேபிக்கிறேன். பச்சை உடலும், நெற்றியிலும் மார்பிலும் சிவப்புமாக, கன்னான் செம்பு தட்டுவதுபோல் ஓயாமல் ஒலியெழுப்பும் குக்குறுவான், அத்தகைய உளுத்த கிளையில்தான் வட்டமாகத் துளை குடைந்து குடும்பம் நடத்துகிறது. கிளை போனால் அதற்கு வீடில்லை. புழக்கடை முழுவதும் சிமெண்டு பூசி, எஞ்சிய செடிகளுக்குப் பூச்சிமருந்தும் தெளித்துவிட்டுப் பட்சிகளைக் காணோம் என்று வருந்துவதில் நியாயமில்லை. தானியம் தின்னும் சிட்டுக்குருவிகூடத் தன் குஞ்சுகளுக்குப் புழு பூச்சிகளையே ஊட்டி வளர்க்கிறது.

வர்ணத்தின்மேல் உள்ள மோகத்தில் பச்சைக்கிளியைப் பிடித்துக் கூண்டில் அடைப்பதோ, 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சட்டமே இல்லாதிருந்தாலும் அது பாவகாரியம் என்பதே என் அபிப்பிராயம்.

கோடையில் ஜலம் அவசியம். இரண்டு விரற்கடை ஆழத்துக்கு மேற்படாத மண்தட்டு ஒன்றைப் பூனை பதுங்க இடமில்லாத திறந்த வெளியில் வைத்து, கொசு முட்டையிடாதபடி தினமும் கழுவி நிரப்பினால், கொண்டைக்குருவியும் மைனாவும் வந்து குளித்துவிட்டுப் போகும்.

மண் உள்ளவர்கள், கூடை வாங்கும் பணத்தை மிச்சப்படுத்தி, ஐப்பசி மழைக்கு முன் ஒரு கல்யாண முருங்கைப் போத்தை நட்டுவிடுங்கள். அது வளர்ந்து, மாசி பங்குனியில் இலையுதிர்த்துச் செக்கச்செவேலென்று பூக்கும்போது, தேன்சிட்டும் மைனாவும் கரிச்சானும் அழைப்பின்றியே வந்து சேரும்.