மண்வாசனைக்கு இங்கிலீஷில் என்ன?

காய்ந்த தரையில் முதல் தூறல் விழுந்ததும் 'ஆஹா, மண்வாசனை!' என்கிறோம். இங்கிலீஷில் இதற்கு 1964 வரை ஒற்றைச் சொல் இல்லை. ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் இருவரும் அந்த ஆண்டு 'நேச்சர்' இதழில் சூட்டிய பெயர்தான் 'பெட்ரிகோர்'. கிரேக்கத்தில் 'பெட்ரா' என்றால் கல். 'ஐகோர்', கடவுளர் உடம்பில் ரத்தத்துக்குப் பதிலாக ஓடும் திரவமாம். கல்லின் ரத்தம்! (விஞ்ஞானிகளுக்குள்ளும் கவிஞர்கள் உண்டு.)

வறண்ட நாள்களில் செடிகள் கசியவிடும் எண்ணெயைக் கல்லும் மண்ணும் பிடித்து வைத்திருக்கும். மழை பட்டதும் அது காற்றில் கலக்கும். அதனால், நாலு நாளாக விடாத ஐப்பசி அடைமழைக்கு ஸ்டேட்டஸில் 'பெட்ரிகோர்' என்று போட்டால் பொருந்தாது.

உத்தரப்பிரதேசத்தின் கன்னோஜிலோ, சுட்ட களிமண்ணிலிருந்து இதே வாசனையை அத்தராக வடித்துக் குப்பியில் விற்கிறார்கள். இங்கிலீஷில் பெயர் வைப்பதற்கு முன்பிருந்தே!