பாயிண்ட் நம்பர் 9-ம் எங்க அம்மையும்

கொஞ்ச நாளா இந்தப் பக்கம் தலைகாட்ட முடியல. அம்மைக்கு சுகமில்ல. வந்ததும் வராததுமா சண்டைப் பதிவான்னு கேக்காதீங்க மக்களே, இதை எழுதாம எனக்கு உறக்கம் வராது.

எங்க மாவட்டத்துல தெருவுக்கு ஒரு வீட்டுலயாவது நர்ஸ் உண்டு. பாதிப்பேர் வளைகுடாவிலயும் லண்டன்லயும் இருப்பாங்க. அவங்களைப் பெத்தவங்க இங்க பெரிய வீட்டுல தனியா. ஆக, நர்ஸை ஏற்றுமதி பண்ற ஊர்ல 'ஹோம் நர்ஸ்' ஏஜென்சி நல்ல வியாபாரம். பஸ்ஸ்டாண்ட் சுவர்லேர்ந்து பேப்பர் வரி விளம்பரம் வரைக்கும் அவங்கதான்.

அம்மைக்கு பக்கவாதம். ஆஸ்பத்திரியிலேர்ந்து வீட்டுக்குக் கொண்டு வந்த அன்னைக்கே ஏஜென்சி பையன் நாலு பக்க ஆங்கில ஃபாரத்தோட வந்துட்டான். "சும்மா ஃபார்மாலிட்டி சார், கீழ ஒரு கையெழுத்து." ஊரான் கதையிலெல்லாம் ஒற்றுப்பிழை கண்டுபிடிக்கிற நான், ஒரு வரி படிக்காம போட்டேன். அம்மை கட்டில்ல கிடக்கும்போது யாருங்க பாயிண்ட் பாயிண்டா படிப்பா?

அஞ்சாவது வாரம் அம்மைக்கு இடுப்புக்குக் கீழ படுக்கைப் புண். விரல் நுழையற ஆழம். போன் போட்டேன். மறுமுனையில ரொம்ப மரியாதையா பதில்: "பாயிண்ட் நம்பர் 9 பாருங்க சார்."

பார்த்தேன். தமிழ்ல சொன்னா இதுதான்: பணியாளரோட கவனக்குறைவு உட்பட எந்தக் காரணத்தால நோயாளிக்குக் காயமோ மரணமோ வந்தாலும் நிறுவனம் பொறுப்பில்லை, நாங்க வழக்குப் போடமாட்டோம். பாயிண்ட் 12 இன்னும் அழகு. வந்திருக்குற பொண்ணு அவங்க ஊழியரே இல்லையாம், அவங்க வெறும் 'இணைப்பு' மட்டும்தானாம். மாசம் 24,000 ரூபாய் வாங்கும்போது மட்டும் இணைப்பு இல்ல, முதலாளி!

அந்தப் பொண்ணைத் திட்ட எனக்கு வாய் வரல. பேச்சிப்பாறை பக்கத்துப் பிள்ளை. "அண்ணா, ரெண்டு மணிக்கூறுக்கு ஒருக்க திருப்பிப் போடணும்னு சொல்லித் தந்தாவ. பகலும் நானாக்கும், ராத்திரியும் நானாக்கும். நான் எப்ப உறங்க?"ன்னு கேட்டா. நியாயம்தானே? 24 மணி நேர வேலைக்கு ஒத்த ஆளை அனுப்பினா ராத்திரி யாரு திருப்புவா? இதை நானும் முதல்லயே யோசிச்சிருக்கணும், ஒத்துக்கறேன். ஆனா படுக்கைப் புண் பெரும்பாலும் தடுக்கக் கூடியதுன்னு தெரிஞ்சவங்க அவங்க. தெரிஞ்சே ஒத்த ஆளை அனுப்பிட்டு, வரப்போற புண்ணுக்கு முன்கூட்டியே என்கிட்ட மன்னிப்பு எழுதி வாங்கிட்டாங்க.

மஸ்கட்ல நர்ஸா இருக்குற அக்கா போன்ல அழுதுட்டா. "இங்க நான் யாரோ ஒரு உம்மாவை நேரம் பார்த்துத் திருப்பிப் போடுதேன்லே. விட்டா என் வேலை போவும். நம்ம அம்மையைத் திருப்ப ஆளில்லையா?" அப்புறம் சொன்னா பாருங்க, "நீதானே கையெழுத்துப் போட்ட?"

அந்தக் காகிதத்தோட உண்மையான வேலையே இதுதாங்க. அது கோர்ட்டுக்காக எழுதினது இல்ல. 'நாமளே எழுதிக் கொடுத்துட்டோமே'ன்னு நாம வாயை மூடிக்கிட்டு, வீட்டுக்குள்ளயே ஒருத்தரை ஒருத்தர் குத்தம் சொல்லிக்கிட்டுக் கிடக்கணும், அதுக்காக எழுதினது.

சரி, கோர்ட்டுல இது நிக்குமா?

1960-கள்ல சென்னை உயர்நீதிமன்றத்துக்கு ஒரு சேலை வழக்கு வந்துச்சு. லில்லி ஒயிட்ங்கற சலவை நிறுவனம் வாடிக்கையாளரோட சேலையைத் தொலைச்சிடுச்சு. தொலைஞ்சா விலையில ஒரு பங்குதான் தருவோம்னு ரசீதுலயே அச்சடிச்சிருக்கோமேன்னு வாதாடினாங்க. அந்த நிபந்தனை பொதுநலக் கொள்கைக்கு விரோதம், செல்லாதுன்னு தீர்ப்பாச்சு. ஒரு சேலைக்குக் கிடைச்ச மரியாதை எங்க அம்மையோட முதுகுத் தோலுக்குக் கிடைக்காதா?

1872-ம் வருஷ ஒப்பந்தச் சட்டத்துல 23-வது பிரிவு பொதுநலனுக்கு விரோதமான ஒப்பந்தம் செல்லாதுங்குது. கோர்ட்டுக்கே போகமாட்டேன்னு முழுசா எழுதி வாங்குறது 28-வது பிரிவுப்படி செல்லாது. காசு வாங்கிட்டுப் பண்ற மருத்துவ சேவை நுகர்வோர் சட்டத்துக்குள்ள வரும்னு 1995-லயே உச்சநீதிமன்றம் சொல்லிடுச்சு. 2019-ம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 'நியாயமற்ற ஒப்பந்தம்'னு ஒரு தனி விளக்கமே வெச்சிருக்கு.

வெளிநாட்டுலயும் இதே கதைதான். கலிஃபோர்னியாவில ஒரு ஆஸ்பத்திரி, சேரும்போதே இந்த மாதிரி கையெழுத்து வாங்கிச்சு. 1963-ல அந்த மாநில உச்சநீதிமன்றம் செல்லாதுன்னு தூக்கிப் போட்டுச்சு. உடம்புக்கு முடியாம வந்தவனுக்குப் பேரம் பேச ஏது தெம்புங்கறதும் அதுக்கு ஒரு காரணம். இங்கிலாந்துல 1977-லயே சட்டம் வந்தாச்சு: கவனக்குறைவால சாவோ காயமோ வந்தா, வியாபாரம் பண்றவன் எந்தக் காகிதத்தைக் காட்டியும் தப்பிக்க முடியாது. நம்ம நாட்டுல அப்படி வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டா ஒரு வரி சட்டத்துல இல்ல. இதுக்குத் தனிச்சட்டம் வேணும்னு சட்ட ஆணையம் 2006-ல அறிக்கையே கொடுத்துச்சு. அது சட்டமாகல. அதனாலதான் பாயிண்ட் 9-ஐ இன்னும் தைரியமா அச்சடிக்கறாங்க.

"சின்ன ஏஜென்சி, ஒரு கேஸ் வந்தா இழுத்து மூடணும், அவங்களும் பொழைக்க வேண்டாமா?"ன்னு ஒரு நண்பர் கேட்டார். அண்ணாச்சி, அதுக்குத்தானே இன்ஷூரன்ஸ் இருக்கு? பிரீமியத்தை மிச்சம் பிடிக்க என் அம்மையை ஈடு வைக்கச் சொன்னா எப்படி? இன்னொண்ணும் சொல்லிடறேன். "வயசானவங்க, எலும்பு பலமில்ல, எவ்வளவு கவனிச்சாலும் விழ வாய்ப்பிருக்கு"ன்னு விளக்கிச் சொல்லிக் கையெழுத்து கேட்டா ரெண்டு கையாலயும் போடுவேன். அது எச்சரிக்கை. "நாங்க கவனிக்காம விட்டாலும் கேக்காதே"ங்கறது எச்சரிக்கை இல்ல, அடாவடி.

நம்மால முடிஞ்சது என்ன? ஃபாரத்தை ஒரு ராத்திரி வாங்கி வெச்சுப் படிங்க. கவனக்குறைவுக்கும் பொறுப்பில்லைங்கற வரியை அடிச்சு, பக்கத்துல சின்னக் கையெழுத்தும் தேதியும் போட்டு, நகல் வெச்சுக்கோங்க. வர்றவங்க பதிவு பெற்ற நர்ஸா, உதவியாளரான்னு எழுத்துல கேளுங்க. திருப்பிப் போட்ட நேரம், மருந்து நேரம் எழுத ஒரு நோட்டு போடுங்க. ஏற்கெனவே கையெழுத்து போட்டாச்சா? பயப்படாதீங்க. உங்க மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல 2 வருஷத்துக்குள்ள புகார் கொடுக்கலாம். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள்ளன்னா கட்டணமே கிடையாது. நீங்க குடியிருக்குற ஊர்லயே கொடுக்கலாம், ஏஜென்சி எந்த ஊரா இருந்தாலும் சரி.

என் புகார் தயாராகிட்டிருக்கு. அம்மைக்குப் புண் மெதுவா ஆறுது. இப்ப வேற ஏஜென்சி, பகலுக்கு ஒருத்தர், ராத்திரிக்கு ஒருத்தர். செலவு கூடுதல்தான், அக்காவும் நானும் பாதிப் பாதி. அவங்க ஃபாரத்துலயும் அதே வரி இருந்துச்சு, நம்பர்தான் வேற. சிவப்பு மையால அடிச்சுக் கொடுத்தேன். வந்தவர் தலையைச் சொறிஞ்சார், வெளிய போய் முதலாளிக்குப் போன் போட்டார், திரும்பி வந்து "சரி சார்"னார்.

அவ்வளவுதான். ரெண்டு நிமிஷம் கூட ஆகல. அன்னைக்கு அந்த ரெண்டு நிமிஷத்தை நான் கொடுத்திருக்கணும்.

டிஸ்கி: நான் வக்கீல் இல்ல. வக்கீல் பதிவர்கள் யாராவது இருந்தா தப்பைத் திருத்துங்க. ஏஜென்சி பேரைக் கேட்டு பின்னூட்டம் போடாதீங்க, சொல்லமாட்டேன். உங்க வீட்டு ஃபாரத்துல இதே வரி எத்தனாவது பாயிண்ட்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க :-(