கணித ஆசிரியரைத் தனியே விடலாமா?

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் போதெல்லாம் யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒரே கூக்குரல் எழுகின்றது. கணிதத்தில் தவறிய பிள்ளைகளை எண்ணுகின்றோம், ஆசிரியரை ஏசுகின்றோம், பிள்ளையைத் தனியார் கல்வி நிலையத்துக்கு அனுப்பிவிட்டு, அடுத்த பெறுபேறு வரும்வரை மறந்துவிடுகின்றோம். வெங்காயத் தோட்டத்தில் உழைத்த காசை அங்கே கட்டணமாகக் கொட்டும் கமக்காரர் ஒரு கேள்வியைக் கேட்க வேண்டும். தம் பிள்ளைக்குக் கற்பிக்கும் ஆசிரியர் தாம் கற்பதற்கு இந்நாடு என்ன வசதி செய்து கொடுத்திருக்கின்றது?

கணிதம் நமக்கு இரவல் சரக்கன்று. 1823இல் வட்டுக்கோட்டையில் தோன்றிய செமினரியில் உயர்கணிதமும் வானியலும் போதிக்கப்பட்டன. அங்கு பயின்ற கறல் விசுவநாதபிள்ளை 1855இல் தமிழிலேயே பீசகணித நூலொன்றை வெளியிட்டார். 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாகத் தேறியவர் இருவர். அவ்விருவரும் யாழ்ப்பாணத்தவர், அவருள் ஒருவர் இவரே, மற்றவர் சி. வை. தாமோதரம்பிள்ளை. இப்பெருமையை மேடைதோறும் முழங்குகின்றோம். முழக்கத்தினால் ஒரு பிள்ளைக்கேனும் பின்னம் விளங்கியதா?

பின்னத்தையே எடுத்துக்கொள்வோம். ஒன்றேமுக்காலை அரையால் வகுக்க வேண்டும். ‘தலைகீழாக்கிப் பெருக்கு’ என்று விதியைச் சொன்னால் மூன்றரை என்னும் விடை வந்துவிடும். ஆனால் அதன் பொருள் என்ன? ஒன்றேமுக்கால் பரப்புக் காணியை அரைப் பரப்புத் துண்டுகளாகப் பிரிக்கின்றோம். மூன்று துண்டுகள் போக மீதி கால் பரப்பு. அப்படியானால் விடை மூன்றேகால் அன்றோ என்று கெட்டிக்காரப் பிள்ளை கேட்பான். மீதி கால் பரப்புத்தான். ஆயினும் அது அரைத் துண்டு என்று அவனுக்கு விளக்கத் தெரிந்தவரே கணித ஆசிரியர். (காணிப் பிணக்குகளில் படித்தவர்களே இவ்விடத்தில் தடுமாறுவதை நீதிமன்றத்தில் நாம் பலமுறை கண்டிருக்கின்றோம்!)

இதே கணக்கை லிப்பிங் மா என்னும் அம்மையார் ஆரம்பப் பாடசாலை ஆசிரியரிடம் கொடுத்து ஆராய்ந்து, 1999இல் நூலாக வெளியிட்டார். சீன ஆசிரியர் 72 பேரும் சரியாகச் செய்தனர். அமெரிக்க ஆசிரியர் 23 பேருள் பொருளுணர்ந்து கதைக்கணக்கு ஆக்கியவர் ஒருவரே. சீனத்தவர் அமெரிக்கரைக் காட்டிலும் குறைந்த ஆண்டுகளே படித்தவர். பணியில் சேர்ந்த பின்னர் சக ஆசிரியரோடு கூடியிருந்து பாடநூலைத் துருவித் துருவி ஆராயும் வழக்கம் அவர்களிடம் இருந்தது. பட்டம் செய்யாததை அப்பழக்கம் செய்தது.

நம் நாட்டில் நடப்பது என்ன? கோப்பாயில் ஆசிரிய கலாசாலையும் தேசிய கல்வியியற் கல்லூரியும் உள. அவற்றை விட்டு வெளியேறிய பின் ஆசிரியருக்குக் கிடைப்பது செயலமர்வு. வளவாளர் பேசுவார், ஆசிரியர் குறிப்பெடுப்பார், மதிய உணவுப் பொதியுடன் பயிற்சி முடிவுறும். 2007இல் தேர்ச்சி மையக் கலைத்திட்டமும் ‘ஐந்து ஈ’ முறையும் வந்தபோதும் ஒருவர் பயின்று பிறரைப் பயிற்றும் ஏணிமுறையே கையாளப்பட்டது. ஏணியின் அடிப்படியில் நிற்பவரை வந்தடைந்தது எவ்வளவு? நெடுந்தீவு ஆசிரியரோ படகேறிக் குறிகட்டுவான் வந்து, அங்கிருந்து பேருந்தில் நகரடைந்து, திரும்பிப் போகும் படகுக்கு நேரம் பார்த்தபடியே சொற்பொழிவைக் கேட்க வேண்டும்.

யப்பானில் நெடுங்காலமாக வேறொரு வழி உண்டு. ஆசிரியர் சிலர் கூடி ஒரே ஒரு பாடத்தைத் திட்டமிடுவர். ஒருவர் கற்பிக்க, மற்றையோர் வகுப்பில் நின்று பிள்ளைகள் எவ்விடத்தில் இடறுகின்றனர் என்று கவனிப்பர். பின் கூடிப் பேசித் திருத்துவர். இதற்குப் புதிய மண்டபம் வேண்டியதில்லை. நேரம் வேண்டும்; ஒருவர் வகுப்பை ஒருவர் பார்க்கும் துணிவும் வேண்டும்.

சட்டத்தில் இடமுண்டா என்பீர்கள். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தத்தில், கல்வி பற்றிய பின்னிணைப்பு, சேவைக்காலப் பயிற்சி நடத்தும் அதிகாரத்தை மாகாணத்துக்கே அளித்திருக்கின்றது. தேசிய கல்வி நிறுவகத்தின் முன் அங்கீகாரம் பெறவேண்டும் என்பதே நிபந்தனை. 2013 செப்டெம்பரில் தெரிவான வடமாகாண சபை 2018 ஒக்டோபர் வரை இருந்தது. பறிக்கப்பட்ட அதிகாரங்களைப் பற்றி அங்கே நிறையப் பேசப்பட்டது, நியாயமாகவே. கையிலிருந்த இச்சிறு அதிகாரத்தைப் பற்றி எவ்வளவு பேசப்பட்டது?

நாம் கேட்பது பெரிதன்று. யாழ்ப்பாணம், வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் ஆகிய ஐந்து வலயங்களிலும் வாரத்தில் ஒரு பிற்பகல் கணித ஆசிரியருக்குப் பாடவேளை இல்லாதிருக்கட்டும். அயற் பாடசாலை ஆசிரியர் ஓரிடத்தில் கூடட்டும். ஆசிரிய ஆலோசகர் அவர்களிடம் செல்லட்டும். அப்பிற்பகல் கடமை நேரமாகப் பதியப்பட்டு, பயணச்செலவும் கொடுக்கப்பட வேண்டும். ஆசிரியர் பற்றாக்குறையுள்ள இடத்தில் இது வீண்செலவு என்று அதிகாரிகள் கூறுவர். பற்றாக்குறையுள்ள இடத்தில் இருக்கும் ஒருவரையும் துணையின்றி வாடவிடுவது எவ்வகைச் சிக்கனம்? வாயில் வளைவுகளுக்கு வாரி வழங்கும் கடல்கடந்த பழைய மாணவர் சங்கங்கள் இப்பயணச்செலவை ஏற்கலாகாதா?

அடுத்த பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் பெற்றோர் எழுந்து, எமது கணித ஆசிரியர் இவ்வாண்டு மற்றொரு கணித ஆசிரியரின் வகுப்பை எத்தனை முறை கண்டார் என்று வினவட்டும். வினாவை எழுத்திலே கொடுங்கள். விடையையும் எழுத்திலே பெறுங்கள்.